மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

கணக்கென்றாலே ஓடுகிறவர்களும் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று இன்று காலை போனில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஓர் அட்டையைப் பார்த்ததும் எனக்கு ஊதுபத்தி வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரியில் படித்த காலம். நானும் தோழி சரளாவும் புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தைப் பழசாக வாங்கினோம். பாடப்புத்தகம் இல்லை, கதை மாதிரிக் கணக்குச் சொல்லும் புத்தகம். அதில் ஒரு புதிர். கவிழ்த்த மூன்று டம்ளர். ஒன்றின் அடியில் மட்டும் மிட்டாய். நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். மிட்டாய் இருக்குமிடம் தெரிந்தவர், மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். இப்போது கையை மாற்றலாமா? மாற்றினால்தான் லாபம் என்றாள் சரளா. எல்லாம் ஒன்றுதான் என்றேன் நான். விடை இருந்த பக்கத்தை எவனோ கிழித்திருந்தான்.

சண்டை முற்றியது. கோபம் வந்தால் சரளா தமிழை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிடுவாள். என்ன திட்டுகிறாள் என்றே தெரியாததால் எனக்கு இரட்டிப்பாகக் கோபம் வரும். கடைசியில், அட்டையில் இருந்த ஆசிரியரின் மெயிலுக்கே எழுதிக் கேட்பது, பதில் வரும்வரை பேசுவதில்லை என்று முடிவானது.

மாட்டுத்தாவணி அருகே ஒரு பிரவுசிங் சென்டர். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். உள்ளே சாமி படத்துக்கு ஊதுபத்தி. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருவருக்கும் பொதுவாக ஒரு மெயில் ஐடி தொடங்கி, கேள்வியை அனுப்பினோம். அதன்பின் ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து பதில் பார்க்கப் போவோம். எப்போது போனாலும் மூன்றாம் நம்பரில் யாராவது இருப்பார்கள். திரும்பிவிடுவோம். அவளோடு பேசாமல் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஒருநாள் கடைக்கார அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, இம்புட்டு கம்ப்யூட்டர் காலியாக் கெடக்கு. உக்காராமயே போறீகளே?"

"எங்க லெட்டர் மூணாம் நம்பர்லதான்ணே வரும். அதுலதான அனுப்புனோம்?" என்றாள் சரளா.

"அடப்பாவிகளா! எதுல தொறந்தாலும் வரும்மா."

நான் சரளாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் சபதம் போன இடம் தெரியவில்லை.

"எந்தக் காலேஜுன்னு மட்டும் சொல்லிறாதடீ" என்று காதைக் கடித்தாள்.

பதில் வந்து பல நாளாகியிருந்தது. மாற்றினால்தான் லாபமாம். தோற்றதில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எங்கள் பழைய மெயிலைத் திறக்கப் பார்த்தேன். அந்தக் கம்பெனியே இல்லை. பட்டியலைச் சரளாவுக்கு அனுப்பி, "அந்தப் பதில் எங்கடீ போச்சு?" என்று கேட்டேன். உடனே எழுதினாள்.

"மூணாம் நம்பர்லதான்டீ கெடக்கும். ஆள் எந்திரிச்சதும் போய்ப் பாரு."