கீழே விழுமுன் பிடித்த மிமோசா

போன இடத்தையும் நாளையும் அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதி வைப்பது என் நீண்ட நாள் பழக்கம். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒருவருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஊரின் பெயரும் வேண்டாம். தெற்குப் பிரான்சில் மத்தியதரைக் கடலோரத்து ஊர் என்பது போதும்.

ஜேர்மனியின் எசன் நகரில் வாழும் எங்களுக்குப் பிரான்ஸ் ஒரு வெளிநாடாகவே தோன்றியதில்லை. சேலை எடுக்க, தாலிக்கொடி செய்ய, செத்தவீட்டில் தலைகாட்ட என்று காலையில் வெளிக்கிட்டுப் பாரிசுக்குப் போவோம். அடுத்த நாள் வேலைக்கு நிற்போம். "பாரிசுக்கு ஒருக்கா போட்டு வாறம்" என்று சொல்லும் குரலில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரின் அலட்சியம் இருக்கும். இவ்வளவு காலமும் எல்லையில் யாரும் எங்களை மறித்ததில்லை. ஜேர்மனியின் எல்லைகள் எல்லாவற்றிலும் பொலிஸ் சோதனை திரும்பத் தொடங்கி, அதற்குப் பிறகு வந்த முதலாவது பெப்ரவரியிலும் நாங்கள் அதே அலட்சியத்தோடுதான் புறப்பட்டோம்.

மனைவியின் சித்தி மகன் அந்தக் கடலோர ஊரில் சிறிய உணவகம் நடத்துகிறான். சித்தியும் அவனோடுதான் இருக்கிறா. பூத்திருவிழாவுக்கு வரச் சொல்லி ஒவ்வொரு வருடமும் கேட்பான். இந்த முறை எல்லோரும் போகக்கூடிய வான் வண்டியொன்று இரவல் கிடைத்தது. அவனுடைய தங்கச்சி, எனக்கு மச்சாள், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அவள் ஜேர்மனிக்கு வந்து எட்டு வருடம். தாயைக் கடைசியாகக் கண்டது கட்டுநாயக்கா விமான நிலையத்தில். சித்திக்கு முழங்கால் மடங்காது, இவ்வளவு தூரம் இருந்து வர ஏலாது. மகள் ஏன் ஒருநாளும் போகவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டோம். இந்த முறை அவளும் எங்களோடு வெளிக்கிட்டாள்.

லக்சம்பேர்க் தாண்டிப் பிரான்சுக்குள் வந்து, பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். திரும்பி வரும்போது சோதனை இருக்கும் என்று நினைவு வந்து, மனைவி எல்லோருடைய பாஸ்போட்டையும் ஒரு பைக்குள் போடக் கேட்டாள். மச்சாள் கைப்பையைத் திறந்து நீட்டியது மடித்த தாள் ஒன்று. குறுக்கே சிவப்புக் கோடு. நாடுகடத்துவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் டுல்டுங் தாள் அது. அதை வைத்துக்கொண்டு ஜேர்மனியை விட்டு வெளியேறினால் அந்தத் தாளே செல்லாமல் போகும்.

"உனக்கு விசாக் காட் வந்திட்டுதெண்டெல்லே இருந்தனாங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"வரப்போகுதெண்டுதான் சொன்னனான், அக்கா. வந்திட்டுதெண்டு சொல்லேல்லை."

அதுவும் உண்மைதான். இத்தனை வருடம் இடைவிடாமல் ஜேர்மனியில் இருந்தவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வதிவிட அனுமதிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரில் வர நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் எங்களோடு வானில் ஏறியிருந்தாள்.

திரும்புவோம் என்றேன். அவள் வானுக்குள் ஏறி இருந்து, இடுப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டாள்.

"திரும்பினாலும் வந்தது வந்ததுதானே, அத்தான். அம்மாவைப் பாத்திட்டே வாறன்."

நான் வானைத் திருப்பாமல் லியோன் பக்கமாக ஓட்டினேன்.

தாயும் மகளும் சந்தித்ததை நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. வானிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது சித்தி மகளின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெலிஞ்சு போனாய் என்று ஏசிக்கொண்டிருந்தா. தாளைப் பற்றிச் சித்தியிடம் சொல்வதில்லை என்று எங்களுக்குள் முடிவாயிற்று. அவவின் மகனிடமும் அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் எங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

அந்தத் திருவிழாவில் நடக்கும் பூச்சண்டையைப் பற்றி முன்பே தேடி வாசித்திருந்தேன். குளிருக்கு ஒதுங்கி வந்த செல்வந்தர்கள் குதிரை வண்டிகளில் இருந்தபடி ஒருவர்மேல் ஒருவர் பூ எறிந்து விளையாடியதில் தொடங்கியதாம். இப்போது பூவால் மூடிய ஊர்திகள் கடற்கரை வீதியால் வருகின்றன. மேலே நிற்கும் பெண்கள் கூட்டத்துக்குப் பூ எறிகிறார்கள். எசனில் தெருவோரத்துப் பனி கறுத்துக் கிடக்க, அங்கே மஞ்சள் மிமோசா பூத்துவிட்டால் வசந்தம் வந்ததாகக் கணக்கு. சித்தி சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தா. மிமோசாவைக் கிட்டப் பார்த்ததும் சிரித்தா.

"இது எங்கட வேலம்பூவெல்லே. இதுக்கோ இவ்வளவு கொண்டாட்டம்?"

முதல் கொத்து அவவின் காலடியில் விழுந்தது. மகன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். சித்தி வாங்கவில்லை. நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது. உணவகத்தில் காசுப் பெட்டிக்கு மேலே இருக்கும் பிள்ளையாருக்கு அன்றைக்குப் பூ கொண்டுபோவதென்று அவ தீர்மானித்துவிட்டா என்பது அப்போதுதான் விளங்கியது.

"கீழ விழ முந்திப் பிடியடி," என்றா மகளைப் பார்த்து.

மச்சாள் முதலில் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற உயரமான மனிதர்கள் எல்லாவற்றையும் தட்டிப் பறித்தார்கள். சித்தி விடவில்லை. நீ என்ன பந்தடிக்காத பள்ளிக்கூடத்திலையோ படிச்சனி என்று கேட்டா. மகள் செருப்பைக் கழற்றினாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், கதிரையில் ஏறி நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் கீழே விழ விடவில்லை. பிடித்துப் பிடித்துத் தாயின் மடியில் போட்டாள். சித்தியின் மடியும் நெஞ்சும் மஞ்சளாகிவிட்டன. சுற்றி நின்ற பிரெஞ்சுக்காரர்கள் கை தட்டினார்கள். ஊர்தியில் நின்ற பெண் இவளைப் பார்த்தே எறியத் தொடங்கினாள். எட்டு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

கமராவோடு ஒருவர் எங்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்ததை நான் காண்பதற்குள், மகன் அவருக்கு அம்மாவின் பெயரையும் தங்கச்சியின் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜேர்மனியிலிருந்து வந்தவள், எசன், என்றும் சொன்னான். கடைசியில் கடையின் பெயர். ஊர்ப் பத்திரிகையாம்.

திரும்பும்போது ஜேர்மன் எல்லையில் வரிசை நின்றது. இளம் பொலிஸ்காரர் என்னுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தார். மச்சாளின் மடியில் ஒரு கட்டு மிமோசா இருந்தது. அவர் அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். எல்லையோரத்துச் சார்புருக்கன் நகரைத் தாண்டும்வரை அவள் அந்தக் கட்டை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

அந்தக் கிழமையே படம் பத்திரிகையிலும் அதன் இணையப் பக்கத்திலும் வந்தது. மகன் அதைக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு, மூன்று இதயமும் வைத்திருந்தான். மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தமையனுக்கு அப்போதுதான் தாளைப் பற்றிச் சொன்னோம்.

"பிரெஞ்சுப் பேப்பரை ஜேர்மன்காரன் ஆர் வாசிக்கிறான்?" என்றான்.

பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவதே அதுதான் என்று மனைவி சொன்னாள். பத்திரிகைக்காரரிடம் சொல்லி உடனே எடுக்கச் சொன்னாள். அவன் தயங்கினான்.

"கீழ கடைப் பேர் கிடக்கு, அக்கா. படம் வந்த நாளில இருந்து மேசையெல்லாம் நிறையுது. வெட்டின படத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில ஒட்டி வைச்சிருக்கிறா."

மனைவி அவனை ஏசினாள். உனக்குக் கடைதான் பெரிசு, தங்கச்சி எங்க போனாலென்ன என்று கேட்டாள். அவன் அழுதானா, இருமினானா என்று தெரியவில்லை. சரி, இண்டைக்கே எடுக்கச் சொல்லுறன் என்றான். அப்போது மச்சாள் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணை, பேரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ. படம் கிடக்கட்டும். அம்மாவும் நானும் நிக்கிற படம் வேற இல்லை."

பெயர் எடுபட்டது. ஆனால் அதற்கு முன் யார் பார்த்தார்கள், யார் பகிர்ந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மையார் ஒருவரிடம் போனோம். சில நாள் வெளியே போனது பெரிதாகாமலும் போகலாம், அனுமதியில்லாமல் எல்லை கடந்தது பெரிதாகவும் ஆகலாம், முன்னால் இருக்கும் அலுவலரைப் பொறுத்தது என்றார். தானாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம் என்றார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒருவரும் சாப்பிடவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த கிழமை டெர்மின். மொழிபெயர்க்க நான் போனேன். அலுவலர் மச்சாளின் வயதுடைய பெண். சம்பளத் தாள்கள், வீட்டு ஒப்பந்தம், மொழித் தேர்வுச் சான்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் கடுமை இல்லை. பிறகு, இந்த எட்டு வருடமும் இடைவிடாமல் ஜேர்மனியில்தான் இருந்தீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. தலையை ஆட்டினால் போதும். நான் தமிழில் சொல்ல வாய் திறக்குமுன் மச்சாள் தன்னுடைய ஜேர்மனிலேயே பதில் சொன்னாள். பெப்ரவரியில் சில நாள் இல்லை. பிரான்ஸ். என் அம்மா.

அலுவலர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அம்மாவுக்குக் கடும் சுகயீனமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. ஆம் என்று சொன்னால் அதற்கென்று எழுத ஒரு காரணம் அவருக்குக் கிடைத்திருக்கும். மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை, அத்தான். வயசு போட்டுது. அவ்வளவுதான். அப்பிடியே சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன். அவர் திரையின் பக்கம் திரும்பினார். பிறகு தட்டத் தொடங்கினார். நீண்ட நேரம் தட்டினார். என்ன எழுதுகிறார் என்பது எங்கள் பக்கத்திலிருந்து தெரியவில்லை. முடிவு பிறகு அறிவிக்கப்படும் என்று சொல்லி, சிவப்புக் கோடு போட்ட தாளின் காலத்தை நீட்டித் தந்தார். வழமையாக ஆறு மாதம் கிடைக்கும். இந்த முறை மூன்று. அதுவும் முடிந்து, முடிவு வராமலே இன்னொரு மூன்று மாதம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.