அம்மா புரட்டிய சிப்பி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்தில் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத எண்பதுகளின் காலம் அது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு டெலிபோன் கம்பி வழியாகச் செய்தி அனுப்புமாம். வழியில் அதில் ஏதாவது புரண்டுவிடுமாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் மாமாவின் வேலையாம். கம்பியில் காக்கை உட்காருவதால் வருகிற கோளாறு என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

எனக்கு விளங்கவைக்க மாமா ஏரிக்கரையில் சிப்பிகளைக் கட்டம் கட்டமாகப் பரப்பினார். சில மல்லாந்தும் சில கவிழ்ந்தும் கிடக்கும். ஓரத்தில் கூடுதலாகச் சில சிப்பிகளை வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் எந்த வரிசையை எண்ணினாலும் மல்லாந்தவை இரட்டைப்படையாக வரும்படி செய்துவிடுவார். அவர் முதுகைக் காட்டி நிற்க, நான் ஒன்றைப் புரட்டுவேன். நெடுக்கில் ஒரு வரிசையும் குறுக்கில் ஒரு வரிசையும் ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் சிப்பியில் நேராக விரலை வைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கட்டிலின் கால்களைப்போல நான்கு மூலையிலும் நான்கைப் புரட்டிவைத்தேன். “யாரும் தொடவே இல்லியே!” என்றார். வரிசைக்கு இரண்டிரண்டாகப் புரட்டினால் இரட்டைப்படை கெடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா ஏமாந்தது மட்டும் தெரிந்தது. அதை ரகசியமாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். என்னைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். நைனா, “உங்கக்கா இன்னா சொல்லுதோ அதான்” என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். “இவள அனுப்பிட்டு நான் இன்னாடா பண்ணுவேன்?” என்று அம்மா அழுதாள். எனக்கும் போக இஷ்டமில்லை.

கடைசியில் மாமாவே பந்தயம் கட்டினார். “நீ ஒரு தபா புரட்டுக்கா. நான் கண்டுபுடிச்சிட்டா பொண்ண அனுப்பு. இல்லாங்காட்டி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

நான் அம்மாவின் காதில் ரகசியத்தைச் சொன்னேன். “நாலு மூலையிலயா?” என்று கேட்டு, இறால் உரித்த விரலால் மண்ணில் நான்கு புள்ளி வைத்துக்கூடக் காட்டினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மாமா திரும்பி நின்றார். அம்மா சிப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நட்டநடுவில் ஒரே ஒரு சிப்பியைப் புரட்டிவிட்டு எழுந்துகொண்டாள். “இன்னும் மூணும்மா” என்று அவள் புடவையை இழுத்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “திரும்புடா” என்றாள்.

மெட்ராஸ் பஸ்ஸில் வழிநெடுக அழுதேன். பக்கத்தில் மாமாவும் எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமானதை அம்மா எப்படி மறந்துபோனாள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.