மரியசூசையின் கறுப்புப் பெட்டி

மலேசியாவில் மஸ்ஜித் தானா என்ற ஊரில் மரியசூசையிடம் அகப்பட்டவர் யாரும் பேக்கப் பற்றிக் கேளாமல் தப்பியதில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோப்பு கட்டி ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களை மறித்து, கம்ப்யூட்டர் செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று இழவு வீட்டுக் குரலில் விசாரிப்பார்.

ஓய்வு பெற்ற கையோடு மலாக்காவுக்குப் போய், இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மனைவி பாட்ரீசியாவின் மடிக்கணினியில் இருப்பதெல்லாம் தானாகவே அதற்குள் போகும்படி இணைத்தார். பாட்ரீசியா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பன்னிரண்டு ஆண்டாகப் பாடல்களைத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தார். அந்தப் பெட்டியைத் துணியால் துடைக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

தவக்காலத்தில் ஒரு நாள், பழைய கோப்புகளைக் கழிக்கும்போது பாட்ரீசியா பாடல்களையும் சேர்த்து அழித்துவிட்டார். குப்பைத்தொட்டியையும் காலிசெய்த பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னார். மரியசூசைக்கு உள்ளூர மகிழ்ச்சி. சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

பாடல்கள் இல்லை. இரண்டாவது டிஸ்கிலும் இல்லை.

மடிக்கணினியில் உள்ளபடியே பெட்டியும் இருக்க வேண்டும் என்று அமைத்தவர் அவர்தான். பெட்டி கீழ்ப்படிந்திருந்தது.

"நீ அழிச்சத அதுவும் அழிச்சிருச்சி லா," என்றார், பெட்டியின் வக்கீல்போல.

"அப்ப அதுக்குப் பேரு பேக்கப் இல்லங்க. முகம் பாக்கிற கண்ணாடி."

இந்த அமைப்பில் அழித்தது திரும்பாது என்று கையேட்டில் ஏழாம் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. கையேட்டைத் துளையிட்டு, கோப்பில் கட்டி, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார் மரியசூசை. படிப்பது வேறு இலாகா.

பாட்ரீசியா காத்திருக்கவில்லை. பக்கத்து ஊரான கோலா சுங்கை பாருவில் இருக்கும் மோனிக்காவுக்குப் போன் போட்டார். குழுவுக்குப் பாட்டுத்தாள் அச்சடித்துத் தருபவர் மோனிக்கா. அவரிடம் ஒரு பென்டிரைவில் எல்லாம் இருந்தது, கடைசி ஏழு பாடல்களைத் தவிர. அந்த ஏழையும் பாட்ரீசியா மறுபடி தட்டச்சு செய்தார். மரியசூசை பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையெழுத்து நோட்டைப் பார்த்து வரிவரியாக வாசித்துச் சொன்னார். இரண்டு நாள் பிடித்தது.

பிறகு கையேட்டைப் படித்தார். அழித்தவையும் மூன்று மாதம் தங்கும்படி பெட்டியை மாற்றி அமைத்தார். மோனிக்கா வீட்டிலும் ஒரு டிஸ்க் வைத்தாயிற்று.

இப்போது மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், பாட்ரீசியா ஒரு கோப்பை அழித்துவிட்டு மீட்டுத் தரச் சொல்கிறார். மரியசூசைக்கு வியர்க்கிறது. இதுவரை நான்கு சோதனை, மூன்றில் தேறியிருக்கிறார்.