கிளட்ச் மிதியில் ஒரு தோல் கட்டை

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் அது ஒரு நட்டில்தான் தொடங்கும். மாமியாரும் நாத்தனாரும் ஊரில் இருந்தார்கள். தாராவியில் எனக்குச் சண்டை போட வாய்த்தது ஒரு பழைய பிக்கப் வண்டிதான்.

பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட வண்டி அது. அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். காலையில் அவர் பதனிட்ட தோல் ஏற்றி மாட்டுங்கா பக்கம் போவார். மதியம் தம்பி எடுத்துக்கொண்டு செம்பூர், மான்குர்த் என்று சுற்றுவான். பராமரிப்பையும் பங்கு போட்டிருந்தார்கள். ஸ்டியரிங் தம்பி பொறுப்பு, கிளட்ச் அவர் பொறுப்பு. தம்பி ஞாயிறு தவறாமல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்றுவான். அந்தக் கனத்த வண்டி அவன் புண்ணியத்தில் லேசாகத் திரும்பும்.

கிளட்ச்சுக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டாம். ஓட்டுகிறவர் காலடிப் பலகையைத் தூக்கினால் மிதியிலிருந்து போகும் கம்பியும், அதன் முனையில் நட்டும் தெரியும். அந்த நட்டை எந்த அளவுக்குத் திருகுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் மிதி எங்கே இறங்கும்போது கிளட்ச் விடும் என்பது. முதல் ஓர் அங்குலம் மிதி சும்மா ஆட வேண்டும், அந்த ஆட்டம் இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேய்ந்துபோகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்தானே!

அந்த வருஷம் மழைக்குப் பிறகு அவர் காலையில் ஏறும்போதெல்லாம் மிதியில் ஆட்டமே இல்லாமல் இருந்தது. அவர் நட்டைத் தளர்த்துவார், மறுநாள் பார்த்தால் அது மறுபடி இறுகியிருக்கும். சயான் பாலத்து ஏற்றத்தில் ஒரு பிளேட் கருகி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது பிளேட்டும் நாற ஆரம்பித்தது. "ஒன் தம்பி வண்டியக் கொல்லுதாம்ட்டி" என்று என்னிடம் பாய்வார். தம்பியோ வாயைத் திறக்க மாட்டான்.

எனக்குக் காரணம் தெரியும். மழையில் தோல் கட்டுக்கு மேலிருந்து வழுக்கி விழுந்ததில் அவனுக்கு இடது முட்டி கெட்டுப்போயிருந்தது. மடங்கும், ஆனால் முழுசாக நீளாது. மிதியைக் கடைசி வரை அவனால் தள்ள முடியவில்லை. பாதி மிதித்தாலே கிளட்ச் விடட்டும் என்று மதியம் வண்டியை எடுக்கும்போது நட்டை இறுக்கி ஆட்டத்தையெல்லாம் எடுத்துவிடுவான். "அத்தானுக்குத் தெரிஞ்சா வண்டியத் தொட விட மாட்டாரு, அக்கா. வேற என்ன வேல தெரியும் எனக்கு?" என்று அழுதான். செத்துப்போன எங்கள் அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். தினமும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் நட்டின் மேலும் கம்பியின் மேலுமாகத் தோலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் நட்டில் ஒரு துண்டு, கம்பியில் ஒரு துண்டு என்று கோடு பிரிந்து கிடந்தது. அடுத்த குடிசையிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார்.

"இன்னையிலேர்ந்து நீ வண்டி ஓட்டாண்டாம், மாப்ள."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ!

"அவனை எதுக்குப் பேசுதீய? நாந்தான் திருக்குனேன்!"

"நீயா?"

"நாந்தான்! மிதி ஆடுச்சு, சரி பண்ணுனேன். அதுக்கு இப்ப என்னங்கீய?"

சொல்லியாயிற்று, இனி விட முடியுமா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பலகையைத் தூக்கினேன், சரியான ஸ்பானரைப் பார்த்து எடுத்தேன், நட்டைத் தளர்த்தி, கையால் மிதியை அமுக்கி, ஓர் அங்குல ஆட்டம் வைத்துவிட்டு இறங்கினேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவருக்குச் சிரிப்பா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

"மாப்ள, நீ ஏறி மிதி. இவ வச்சது சரியான்னு பாப்போம்."

தம்பி ஏறி உட்கார்ந்து மிதித்தான். திறந்திருந்த பலகை வழியாக அவர் குனிந்து பார்த்தார். தம்பியின் கால் நடுவிலேயே நின்றது. அவன் பல்லைக் கடித்தான், நெற்றி வேர்த்தது, கால் அதற்கு மேல் இறங்கவில்லை. மிதிக்கும் தரைக்கும் நடுவில் அவர் கையை விட்டார். நாலு விரல் இடைவெளி இருந்தது.

"சரி, எறங்கு" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கால் சரியில்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது என்று யாரையோ அவர் ஒரு தடவை திட்டியது காதிலேயே நின்றது. பொய் சொல்லி அவனை நானே மாட்டிவிட்டேனே என்று என்னையே வைதுகொண்டேன்.

மதியம் வண்டி வந்து நின்றது. கிளட்ச் மிதியின் மேல் ஒரு கட்டை இருந்தது. செருப்புக்குப் போடும் அடித்தோலை நாலு விரல் உயரத்துக்கு அடுக்கி, ஆணி அடித்து, கழற்றி மாட்டுகிற மாதிரி வார் வைத்துக் கட்டியிருந்தார். நட்டு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. தம்பி மிதித்தான். மிதி தரை வரை போனது. செம்பூர் வரைக்கும் அவரும் கூடவே உட்கார்ந்து போய், வழியெல்லாம் அவனை நிறுத்தி நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார்.

தம்பியிடம் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "இனி நட்டுல கைய வச்சே, பாத்துக்க!" என்றார்.

மறுநாள் சரக்கு ஏற்ற வந்த ஆள் கட்டையைப் பார்த்துவிட்டு, "அரே பாய், யே க்யா லகாயா?" என்று, இது என்னத்தை மாட்டியிருக்கிறாய் என இந்தியில் கேட்டான். தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

"எங்க வீட்டம்மா வண்டி பழகுதா. அவளுக்குக் கால் எட்டல" என்ற என் வீட்டுக்காரர், அதையே வந்த ஆளுக்கு இந்தியிலும் சொன்னார். அதன் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். தாராவி முழுக்க நான் வண்டி ஓட்டுகிறேன் என்று பேச்சாகிவிட்டது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் என்னை 'டிரைவரம்மா' என்று கேலி செய்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு கேள்வி கேட்கத்தான் ஒரு நாள் குழாயடியிலிருந்து வீட்டுக்கு வந்தேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி வாசலில் நின்றது. அப்படி என்னதான் கட்டை என்று ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தேன்.

கட்டை இருந்தும் எனக்கு எட்டவே இல்லை. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை. தம்பி காலுக்கென்றே அளந்து அடித்ததை ஊர் முழுக்க என் பேரில் சொல்லியிருந்தார் அந்த மனுஷன். அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.