ஒரு பிள்ளை, இரண்டு கிளினிக் கொப்பி

இன்று மகளை முன்பள்ளியில் சேர்க்கப் போனேன். டீச்சர் முதலில் கேட்டது பிள்ளையின் பெயரை அல்ல, ஊசி போட்டதைப் பதிந்த கிளினிக் கொப்பியை.

என்னிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் மேசையில் வைத்தேன்.

"ஒரு புள்ளக்கி ரெண்டு கொப்பியா?"

இடம்பெயர்ந்து வந்த நாங்கள் சொந்த ஊரில் மீள்குடியேற்றத்துக்குப் பதிந்ததிலிருந்து எங்களுக்கு வீடு மன்னாரில், பிழைப்பு புத்தளத்தில். அந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தங்குவோம். அப்படிப் போனபோது ஒருமுறை கொப்பியை இங்கே புத்தளத்தில் விட்டுவிட்டேன். அங்கே புதுக் கொப்பி எழுதி ஊசி போட்டார்கள்.

டீச்சர் புரட்டினார். "இதுல ஒம்பது மாச ஊசி இல்ல. அதுல ரெண்டு மாச ஊசி இல்ல."

"சேத்துப் பாத்தா எல்லாம் இரிக்கி, டீச்சர்."

"அப்படிப் பாக்க ஏலாது, தங்கச்சி. மன்னார்ல போட்டத இந்தக் கொப்பில எழுதி, சீல் வெச்சிட்டு வாங்க."

பிள்ளையை விட வந்திருந்த இன்னொரு உம்மா வாசலில் என்னை நிறுத்தினார். "எதுக்கு அலையிறீங்க? புள்ளக்கி ஊசி ஒத்துக்காது எண்டு டொக்டர்ட்ட ஒரு கடிதம் எடுத்துக் குடுங்க. சேத்துக்குவாங்க."

ஊசியே போடாத பிள்ளைக்கு ஒரு கடிதம் போதும். எல்லா ஊசிக்கும் அழுத என் மகளுக்கு இரண்டு கொப்பியும் போதவில்லை.

நாளை காலை மன்னார் பஸ். கொப்பியை எடுத்தாயா என்று யாராவது ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள்.