உப்புக் குறைந்த தண்ணீர்

என் நாக்கை நம்பித்தான் எங்கள் தெருவே தண்ணீர் குடித்தது. உப்பளத்தில் பதினைந்து வருஷம் மேஸ்திரி வேலை பார்த்தவன் நான். பாத்தி நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், உப்பு வார இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடல் உள்ளே வந்து போன பிறகு, 2005இல், மரக்காணத்தில் எல்லோரும் மேடான இடம் தேடி அலைந்தார்கள். சவுக்குத் தோப்பை வெட்டி, கல் நட்டு, மனை என்று விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன். சாக்கடை எங்கே போகும் என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு ஒரு போர், வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். டேங்க் என்று பேர்தான், அடியில் சிமெண்ட் கிடையாது. குழி வெட்டி உறை இறக்கி மூடிவிட்டோம். "மணல் பூமி சார், ஜென்மத்துக்கும் நிறையாது" என்று கொத்தனார் சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. சமைக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் பிரம்மதேசம் பக்கமிருந்து லாரியில் வந்த தண்ணீர்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் குவைத்தில் இருந்தார். இரண்டு வயது மகளோடு தனியாக இருந்தாள். லாரி வராவிட்டால் தன் போர் தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"அண்ணே, இன்னிக்கு எப்டி இருக்குது பாருங்க."

தெருவில் வீடுகள் நிரம்ப நிரம்ப உப்பு குறைந்துகொண்டே வந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் துளிகூடக் கரிக்கவில்லை.

"தாராளமா குடிங்கம்மா. உப்பே இல்ல. பாப்பாவுக்கும் குடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது வாரம் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். மதியத்துக்குள் கண்கள் குழி விழுந்துவிட்டன. வேன் பிடித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே வந்தேன். தாயும் பிள்ளையும் உள்ளே இருக்க, டாக்டர் வெளியே வந்து என்னிடம் விசாரித்தார்.

"என்ன தண்ணி குடுத்தீங்க?"

"போர் தண்ணி சார். நல்ல தண்ணிதான், நானே குடிச்சுப் பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்க?"

"உப்பு இருக்குதான்னு, சார்."

"கக்கூஸ் குழி எவ்ளோ தூரத்துல இருக்குது?"

மனசுக்குள் அளந்தேன். அவளுடைய போர் மதிலை ஒட்டி இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம், எட்டடியில், என் குழி. லாரியில் வந்த தண்ணீரெல்லாம் எங்கள் குழிகள் வழியாக இறங்கித்தான் அந்த உப்பைக் குறைத்திருக்கிறது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. குழந்தை பிழைக்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பிழைத்து வீடு வந்தது. மறுநாள் லாரி வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் டம்ளரோடு அவள் வந்து நின்றாள்.

"பாருங்கண்ணே."

வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"குடிக்காதீங்கம்மா. எங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி இதுல கலக்குது. உப்பு இல்லன்னதும் நல்ல தண்ணின்னு நெனச்சிட்டேன்."

அவள் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதாண்ணே குடுத்தேன்."