வாயில் வராத பெயருக்கு ஒரு ஓட்டு

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்துச் சட்டசபையில் மூன்று வருஷம் மெம்பராக இருந்தார். இருந்ததை விட விலகியதுதான் ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவன் தானாக எழுந்திருப்பானா என்று கேட்டார்கள். ஒரு தவணைக்கு மேல் நிற்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார், அதனால் எழுந்தார். அவ்வளவுதான் விஷயம். சொன்ன சொல் என்றால் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். பருப்பில் உப்புக் குறைகிறது என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டால், நான் கல்லுப்பை அள்ளிப் போட்ட பிறகும் குறைகிறது என்று சொல்லியே சாப்பிட்டு முடிப்பார்.

நான் சொல்வது முப்பதுகள் பிறப்பதற்குச் சற்று முந்திய காலம். எங்கள் பக்கம் அப்போது மலையாளக் கணக்கில் வருஷம் ஆடியில் முடிந்து ஆவணியில் பிறக்கும். வருஷக் கடைசியில் அவர் ஓர் அறிக்கை எழுதுவார். சபையில் என்ன கேட்டேன், சர்க்கார் என்ன பதில் சொன்னது, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். நாகர்கோவிலில் அச்சடித்து ஓட்டர்களுக்கு அனுப்புவார். பாதிப்பேர் அதில் வெல்லம் பொதிந்து வைத்தார்கள் என்பது வேறு கதை. கடைசி வருஷம் அச்சடிக்கவில்லை. ஆடி முடிகிற நாளில் எங்கள் முற்றத்தில் பந்தல் போட்டு, எல்லோரையும் அழைத்து, தானே வாசித்து விடைபெறுவது, பிறகு எல்லோருக்கும் சாப்பாடு என்று முடிவு செய்தார். முடிவு அவருடையது, சாப்பாடு என்னுடையது.

அதற்கு நாலு நாள் முன்பு நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் நின்று, காகிதத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்துக் காட்டினார். கால்வாய்க் கரை உடைப்பை அடைத்தது வந்தது. மண்டைக்காட்டு மாசிக் கொடைத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்காக வழியில் கிணறு வெட்ட வைத்தது வந்தது. கொட்டாரம் போகிற வழியில் ஓடைக்குப் பாலம் கட்டியாயிற்று, பாலத்துக்குப் போகிற ரோடு மட்டும் இன்னும் சர்க்காரின் ஆலோசனையில் இருக்கிறது என்பதும் ஒளிவு மறைவில்லாமல் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசிக்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கு விழுந்த முதல் ஓட்டு என் மனைவியுடையது. அந்த ராசியான ஓட்டுக்கு இந்தக் கூட்டத்தில் நன்றி சொல்லி விடைபெறுகிறேன்.”

தேங்காயோடு என் விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். அவர், பூரிப்பில் எனக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார். உண்மை என்னவென்றால், என் ஓட்டு அவருக்கு விழவே இல்லை.

அந்த ஓட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பங்களில் சொத்து பெண் வழியாக வந்ததால் என் பெயரிலும் கொஞ்சம் வயல் இருந்தது. வயலுக்கு வரி கட்டினேன், அதனால் எனக்கு ஓட்டும் இருந்தது. எழுதப் படிக்க அப்போது தெரியாது. தெரியாதவர்கள் அதிகாரியின் காதில் பெயரைச் சொன்னால் அவரே சீட்டில் கீறிக்கொள்வார். தேர்தலன்று பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் ஆளாக என்னை அனுப்பினார் இவர். அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர், எங்களை யாரென்று தெரியாதவர். பக்கத்தில், சொல்வது காதில் விழுகிற தூரத்தில், பட்டியலோடு எங்கள் ஊர் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

“ஆருக்கு ஓட்டு?” என்றார் அதிகாரி.

“எங்க வீட்டுக்காரவியளுக்கு” என்றேன்.

“பேரு பறயணும்.”

பெயரை எப்படிச் சொல்வேன்? எங்கள் காலத்தில் கட்டியவன் பெயரைப் பெண் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். இவருக்கு வைத்திருந்ததோ சாமி பெயர். கோயிலில் அந்தச் சாமியைக் கும்பிடும்போதுகூட வேறு பெயர் சொல்லித்தான் கும்பிடுவேன். நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் சட்டத்துக்குப் பயந்து பட்டியலைப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. அதிகாரி மேஜையில் விரலால் தட்டி மூன்றாம் முறை கேட்டார். தேர்தலில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒரு பெயர் வாயில் வராது. வந்த பெயரைச் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். அது இவரை எதிர்த்து நின்ற கொட்டாரத்து நெல் வியாபாரியின் பெயர்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் மயிரிழையில் ஜெயித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “எல்லாம் ஒனக்க கைராசி பிள்ளே” என்றார். அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷம் தள்ளினேன். நானும் தெய்வமும் வாத்தியாரும் மட்டும் அறிந்த ரகசியமாக அது கிடந்தது.

இப்போது அந்த வாத்தியார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இவர் ஊரைக் கூட்டி ஒரு பொய்யை வாசிக்கப்போகிறார். பொய்யே சொல்லாத மனுஷர், பொய் என்று தெரியாமலே. மூன்று வருஷத்தில் ஒருவரும் அவர் வார்த்தையில் ஒரு குறை சொன்னதில்லை, கடைசி நாளில் கடைசி வரியில் என்னால் அந்தக் குறை வரப்போகிறதே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாளும் முயற்சி செய்தேன். எண்ணெய் தேய்த்துவிடும்போது, “ஒரு காரியம் சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். பந்தலுக்கு ஓலை கொண்டுவந்தவன் வாசலில் கூப்பிட்டான். காப்பி கொடுக்கும்போது ஆரம்பித்தேன். “பாயசத்துக்கு வெல்லம் போதாதுன்னுதானே? வாங்கியாச்சு” என்றார். அந்த வரியையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கூச்சம் என்று நினைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் தலையில் காப்பியைக் கவிழ்த்திருப்பேன். கடைசி நாள் காலையில் சொல்லிவிடுவதென்று விடியுமுன் எழுந்தேன். அவர் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, வாசலில் நின்று பந்தல் வேலைக்கு வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் பந்தல் நிறைந்துவிட்டது. ஆண்கள் பந்தலில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் உள்கூடத்தில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு இருந்தோம். வாத்தியார் முன்பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நெல் வியாபாரி அண்ணாச்சி. தோற்றவர்தான், ஆனாலும் மனதில் பகை வைத்திருக்கவில்லை. அடுத்த தடவை அவர்தான் மெம்பர் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவருக்கு ஒரே ஒரு பெருமை. “ஆம்பளையள் கைவிட்டாலும் பொம்பளையள் ஓட்டு பூரா எனக்குத்தான்” என்று மூன்று வருஷமாகக் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் வாசிக்கத் தொடங்கினார். ஆடிச் சாரல் ஓலைமேல் விழுந்துகொண்டிருந்தது, அதையும் மீறிக் குரல் கணீரென்று கேட்டது. பாலத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “பாலம் நல்லாத்தான் இருக்கு. நின்னு பாத்து ரசிக்கோம். அதுல ஏறுகதுக்கு ரோடு எப்பம் வரும்?”

“அத இனி வாற மெம்பருட்டக் கேளுங்க” என்று இவர் அண்ணாச்சியைக் கைகாட்டினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காகிதம் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இவர் தொண்டையைச் செருமினார்.

“எனக்கு விழுந்த முதல் ஓட்டு...”

வாத்தியார் தலையை நிமிர்த்திப் பந்தலின் ஓலையை எண்ணத் தொடங்கியதைப் பார்த்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

“அத வாசிக்காண்டாம்!”

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு பெண்ணின் குரல் எங்கள் ஊரில் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாத் தலையும் திரும்பியது.  பாதி வழி வந்தாயிற்று, இனி என்ன?

“எனக்க ஓட்டு உங்களுக்கு விழல்ல. அந்த ஆபீசர் மேசையத் தட்டித் தட்டி, பேரு பறயணும், பேரு பறயணும்னு நெருக்குனாரு. உங்க பேர நான் எப்பிடிச் சொல்லுகது? இருந்தது ரெண்டு பேரு. மத்தவியளுக்க பேரச் சொல்லிப்போட்டேன்.”

 இவர் காகிதத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் மேலவீட்டு மதினி கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். “அதுக்கு ஏன் மதினி இந்தப் பதற்றம்? நானும் அதத்தான் செய்தேன். அது எனக்க மாமனாருக்க பேருல்லா. செத்துப்போனவியன்னாலும் மாமனாரு மாமனாருதானே!”

“எனக்க வீட்டுக்காரவியளுக்கும் அதே பேருதான்” என்று உள்ளே இன்னொரு குரல். அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தச் சாமி பெயர். மாமனார், மச்சினர், கட்டியவர் என்று ஏதாவது ஓர் உறவு ஒவ்வொருத்தி வாயையும் அடைத்திருந்தது. நான் மட்டும் பாவி என்று மூன்று வருஷம் வெந்துகொண்டிருந்தேன், உள்கூடம் முழுக்க என் கூட்டாளிகள்.

கடைசியாக விளங்கியது அண்ணாச்சிக்கு. மெதுவாக வாத்தியார் பக்கம் திரும்பினார். “அப்பம் எனக்கு விழுந்த பொம்பளையள் ஓட்டு?”

“ரகசிய ஓட்டு அண்ணாச்சி. நான் சொல்லப்பிடாது” என்றார் வாத்தியார். சொல்லி முடிக்குமுன் அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. குடை மடியிலிருந்து உருண்டு விழுந்தது. மூன்று வருஷம் அடக்கிய சிரிப்பு அது, கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. பந்தலே குலுங்கியது. அண்ணாச்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “செரி, அடுத்த தடவையும் எனக்கு எதிரா அந்தப் பேருகாரன் ஒருத்தனையே நிறுத்துங்க. நான் செயிச்சிருவேன்!”

இவர் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார். நின்றபடியே ஏதோ எழுதினார். பிறகு வாசித்தார்.

“எனக்கு விழுந்த முதல் ஓட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாது. என் மனைவியுடையது அல்ல. பெயர் சொல்ல முடியாத பெண்களும் நினைத்தவருக்கு ஓட்டுப் போட, பெயருக்குப் பதிலாக ஏதாவது ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்பது சர்க்காருக்கு என் கடைசி விண்ணப்பம். வணக்கம். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.”

அந்த விண்ணப்பத்துக்கும், ஆலோசனையில் இருக்கிறது என்று பிறகு பதில் வந்தது.

சாப்பாடு அமர்க்களமாக நடந்தது. அவியல் காலியாகி, எரிசேரி காலியாகி, பாயசத்துக்கு அண்ணாச்சி மூன்று தடவை இலையை வழித்தார். மதினி பரிமாறிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் தன் மாமனார் கதையைச் சொன்னாள். என் நெஞ்சில் கிடந்த பாரம் போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபமென்றால் தாங்குவேன். வருத்தமென்றால்?

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். சாரலும் விட்டிருந்தது. நான் பந்தலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இவர் காலையில் வாசித்த மேஜைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, காகிதத்தைத் திருப்பி வைத்து, பென்சிலைக் கையில் எடுத்தார்.

“ஆருக்கு ஓட்டு?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. விரலால் மேஜையைத் தட்டினார். “பேரு பறயணும்.”

வாசலைப் பார்த்தேன். யாருமில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்பதுபோல்தான் இருந்தது, ஆனால் பென்சில் முனையைக் காகிதத்தில் ஊன்றியபடி காத்திருந்தார். இந்த மனுஷருக்கு என் ஓட்டு உண்மையாகவே வேண்டியிருந்தது. அது தெரிந்ததும் எனக்கு ஆயுசும் சாஸ்திரமும் மறந்துபோயிற்று. பாயைக் கீழே வைத்துவிட்டு மேஜையருகே போய், குனிந்து, அவர் பெயரைச் சொன்னேன். கல்யாணமாகி முதல் தடவையாக, முழுப் பெயரும், ஓர் எழுத்து விடாமல்.

சீட்டில் குறிப்பதற்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. ஓலையிலிருந்து ஒழுகியது என்று பிற்பாடு சாதித்தார்.

“செரியாக் கேக்கல்ல. இன்னொருக்கச் சொல்லு” என்றார், தலையைக் குனிந்தபடியே.

“ஓராளுக்கு ஓர் ஓட்டுதான்” என்றேன்.